காற்று வருகிறது, சத்தம்தான் வரவில்லை

வேகமாக ஓடுகிற ஃபேனை மெதுவாக ஓட வைப்பதற்குக் கூலி வாங்குகிற தொழில் ஒன்று உண்டென்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். எங்கள் வாடிக்கையாளர்களும் நம்பவில்லை.

எழுபதுகளின் கடைசி. மின்சாரம் வருவதும் போவதும் அதன் இஷ்டம். ஆனால் சேலத்துத் தியேட்டர், நாமக்கல் மண்டபம், ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலை என்று எங்கே போனாலும், சுவரில் உட்கார்ந்திருக்கும் எக்சாஸ்ட் ஃபேன் மட்டும் அந்தக் காலத்து ஜமீன்தார் மாதிரி இருக்கும். கனமான இரும்பு இறக்கை, தேவைக்கு மேல் பெரிய மோட்டார், கிரீஸையே பார்க்காத பேரிங். கரண்டு போய் ஜெனரேட்டரைப் போட்டால், அது இந்த ஒரு ஃபேனைச் சுமக்க முடியாமல் முக்கி முனகிப் படுத்துவிடும். நாங்கள் போய் இரும்பு இறக்கையைக் கழற்றிவிட்டு அலுமினிய இறக்கை மாட்டுவோம். சின்ன மோட்டார் வைப்போம். பெல்ட் ஓடும் புல்லியை மாற்றி வேகத்தைக் குறைப்போம். அடைபட்ட வழிகளைத் திறந்துவிடுவோம். ஃபேனின் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தால் போதும், அது தின்கிற மின்சாரம் ஏகத்துக்கும் குறையும். காற்றோ முன்பைவிட நன்றாகப் போகும். கூடவே சத்தமும் நின்றுவிடும். எங்களுக்குச் சனி பிடித்தது அங்கேதான்.

‘எங்கள்’ என்றால் இரண்டு பேர். ஒருவன் பாலிடெக்னிக் படித்த நான்; பெயர் சேவியர், ஊர் சேலம் டவுன். இன்னொருவர் சின்னுசாமி அண்ணன், திருச்செங்கோட்டுக்காரர். கொண்டப்பநாயக்கன்பட்டியில் ஷெட் போட்டு லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தவர். யோசனை என்னுடையது, ஷெட் அவருடையது. ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: “ஆவணி வரைக்கும் பாக்கலாஞ் சாமி. நல்லாருக்குதுன்னு ஒரு நாலு பேராச்சும் சொல்லோணும். இல்லீன்னா நான் மறுக்கா லாரிக்கே போயிருவேன்.”

அவர் லாரிக்குப் போனால் நான் எங்கே போவேன் என்பது அடுத்து வருகிறது. வேலையை ஒழுங்காகச் செய்ததற்காகவே திட்டு வாங்கிய அனுபவம் உள்ளவர்கள் மேலே படியுங்கள். மற்றவர்களுக்கு இது கட்டுக்கதை மாதிரி இருக்கும்.

மாமாவின் அழைப்பு

அம்மாவின் தம்பி அருளானந்தம் மாமாவுக்குக் கோயில் தெருவில் கடை. சவப்பெட்டிக் கடை. நல்ல மனுஷர், நல்ல தச்சர், பிள்ளை கிடையாது. அக்கா மகன் டிப்ளமா வாங்கிய நாளிலிருந்து கடை எனக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்தால் வாசலில் நின்று என் தோளைப் பிடித்துக்கொள்வார். பிடிக்கிற சாக்கில் அகலத்தை அளந்து பார்க்கிறாரோ என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

எனக்கோ அந்தக் கடையின் வார்னிஷ் வாசனை ஆகாது. அதைவிட, பெண் பார்க்கப் போகிற இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? காற்றோட்டத்தைப் படித்தவன், காற்றே தேவைப்படாதவர்களுக்குப் பெட்டி செய்வதா என்று ரோஷமும் இருந்தது. என் தொழில் நன்றாகப் போகிறது என்று ஒவ்வொரு வாரமும் புளுகுவேன். மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒருநாள் சொன்னார்: “காத்து கண்ணுக்குத் தெரியாதுடா. கண்ணுக்குத் தெரியாத சரக்க எத்தன நாளைக்கு விப்பே? நம்ம சரக்கப் பாரு, ஆறடி நீளம், செவுத்துல சாத்தி வெச்சா ரோட்டுல போறவனுக்கே தெரியும்!”

தியேட்டரில் கலகம்

முதல் வேலை அம்மாபேட்டைப் பக்கம் ஒரு தியேட்டர். அங்கே என்ன தொல்லை என்றால், கரண்டு போனதும் ஜெனரேட்டர் ஓடும். ஃபேனையும் சேர்த்துப் போட்டால் திரையில் வெளிச்சம் மங்கி, கதாநாயகி யார், மாமியார் யார் என்று தெரியாது. ஃபேனை நிறுத்தினால் உள்ளே ஜனங்கள் அவிந்துபோவார்கள். நாங்கள் நான்கு ஃபேன்களையும் மாற்றிக் கொடுத்தோம். முதல் நாள் மாட்டினி. சொல்லிவைத்த மாதிரி கரண்டு போனது. ஜெனரேட்டர் ஓடியது, படம் பளிச்சென்று தெரிந்தது, நான்கு ஃபேன்களும் பூப்போலச் சுற்றின. மானேஜர் கோவிந்தராஜுக்குப் பக்கத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. விசில் பறந்தது. “டேய், ஃபேனைப் போடுறா!” வந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தறிக்காரர்கள். நாளெல்லாம் தறி போடுகிற சத்தத்திலேயே இருப்பவர்கள். சத்தம் நின்றால் வேலை நின்றுவிட்டது என்பதுதான் அவர்கள் கண்ட உலகம். கோவிந்தராஜ் டார்ச் அடித்து ஃபேன் சுற்றுவதைக் காட்டினார். “அது சும்மா சுத்துது” என்றார்கள். நான் ஒரு பெரியவரின் துண்டை வாங்கித் தூக்கிப் பிடித்தேன். துண்டு நன்றாகவே ஆடியது. “அது வாசக்கதவுல வர்ற காத்து” என்றார் அவர். வாசலில் இருந்து காற்று வருவதே இந்த ஃபேன் அதை இழுப்பதால்தான் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுத் துண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஆவணிக்குள் பழைய மோட்டாரையே மாட்டிவிடச் சொன்ன கோவிந்தராஜ், என் முகம் போன போக்கைப் பார்த்துச் சமாதானமும் சொன்னார்: “காத்து வருது சார், நான் ஒத்துக்கறேன். ஆனா வர்றது ஜனங்களுக்குக் கேக்கலியே!”

அடைத்து வைத்த காற்று

ராசிபுரம் பக்கம் ஒரு சேகோ ஆலை. முதலாளி முத்துசாமி. ஜவ்வரிசி வறுக்கிற கொட்டகையில் புகை அடைந்து, வேலை செய்கிற பெண்கள் எந்நேரமும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். அதற்காக அவர் லாரி சக்கரம் அளவுக்கு ஒரு ஃபேன் வாங்கிப் போட்டிருந்தார். அது அலறியதே தவிர புகை அசையவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். சன்னல் ஒன்று பாக்கியில்லாமல் எல்லாவற்றிலும் மரவள்ளிக்கிழங்குச் சாக்குகளைத் திணித்து அடைத்திருந்தார். உள்ளே வர வழியில்லாத காற்று வெளியே எப்படிப் போகும்? சாக்குகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிட்டுச் சின்ன மோட்டாரை மாட்டினோம். கொஞ்ச நேரத்தில் புகை கலைந்து எதிர்ச்சுவர் தெரிந்தது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் இன்றைக்குத்தான் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு உள்ளம் குளிர்ந்துபோனது.

ஒரு வாரம் கழித்து, மறுபடியும் புகை என்று ஆள் வந்தது. ஓடினேன். சாக்குகள் எல்லாம் பழைய இடத்தில். ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டால் முத்துசாமிக்கு என்மேல் கோபம் வந்துவிட்டது: “ஏனுங்க, கரண்டச் செலவழிச்சு உண்டாக்குன காத்துங்க அது! அத சன்னல் வழியாச் சும்மா வெளிய உட்ருன்னு சொல்றீங்களே, நாயமுங்களா?”

நல்ல தூக்கம்

எங்கள் பங்குக் கோயில் வேலையை நானே கேட்டு வாங்கினேன். சொந்தக் கோயிலிலாவது நல்ல பெயர் கிடைக்காதா என்ற நப்பாசைதான். உயரமான பழைய கட்டிடம். மேலே வரிசையாக வெண்டிலேட்டர்கள் வைத்துத்தான் கட்டியிருந்தார்கள். புறாத் தொல்லைக்காக யாரோ எல்லாவற்றிலும் பலகை அடித்துவிட்டு, புழுங்குகிறதே என்று சுவர் முழுக்க ஃபேன் மாட்டியிருந்தார்கள். அத்தனையும் ஒன்றாக ஓடினால் பிரசங்கம் பாதி கேட்காது. நாங்கள் பலகையைப் பெயர்த்துவிட்டுக் கம்பிவலை அடித்தோம். புறா வெளியே, காற்று உள்ளே. பாதி ஃபேன்கள் தேவையில்லாமல் போயின.

அடுத்த ஞாயிறு கோயிலில் அப்படியொரு குளிர்ச்சி, அப்படியொரு அமைதி. அந்த அமைதியில் முன் வரிசையிலிருந்து ஒரு குறட்டை கேட்டது. அருளானந்தம் மாமா. அவரைத் தொடர்ந்து இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். தூங்குகிறார்கள் என்றால் சௌகரியமாக இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று சின்னுசாமி அண்ணனிடம் வாதாடிப் பார்த்தேன். வாயால் சொன்னால்தான் கணக்கு என்றுவிட்டார். சரி, பங்குச் சாமியார் வாயாலாவது வாங்கிவிடலாம் என்று பூசை முடிந்ததும் போய் நின்றேன். அவர் சொன்னது: “சேவியர், முன்னெல்லாம் புழுக்கத்துல முழிச்சிக்கிட்டாவது இருந்தாங்கப்பா. அந்தப் பலகைய மறுபடியும் அடிக்க முடியுமான்னு பாரேன்.”

மோகனூர் மண்டபத்தில் ஒரு தகடு

ஆவணி வந்தது. நல்லாருக்குது என்று ஒருவர்கூடச் சொன்ன பாடில்லை. கடைசி நம்பிக்கை மோகனூரில் ஒரு கல்யாண மண்டபம். அங்கே சமையல்கட்டு ஃபேனும் நாதஸ்வர மைக்கும் ஒரே ஜெனரேட்டரில் ஓடும். ஃபேன் சுற்றினால் மைக் செத்துவிடும். அதைச் சரிசெய்யும் வேலையை எங்களுக்கு வாங்கிக் கொடுத்ததே சின்னுசாமி அண்ணனின் மாமனார் வீடு. ஏனென்றால் ஆவணியில் அந்த மண்டபத்தில் முதல் முகூர்த்தம் அண்ணனின் மச்சினனுக்கு. இனிமேல் மைக்கும் நிற்காது, புகையும் வராது என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

விடியற்காலையில் சமையல்கட்டுக்குப் போனால் அடுப்பு பற்றவில்லை. தலைமைச் சமையல்காரர் பழனியப்பன் ஓர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஓடாத இடத்தில் அடுப்புப் பற்றவைக்க மாட்டாராம். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காகிதத்தைப் பிடித்துக் காட்டினேன். அது விருட்டென்று போய் வலையில் ஒட்டிக்கொண்டது. “காயிதம் போவுதுங்க. பொகை போவோணுமே?” என்றார். பற்றவைத்தால்தானே தெரியும் என்றேன். “பத்த வெச்ச பொறகு பொகை அடஞ்சுதுன்னா இட்லிய ஆரு பாக்கறது? அடுப்புல குனிஞ்சிருக்கறவன் ஃபேன அண்ணாந்து பாத்துட்டா இருப்பானுங்க? காதுலதானுங்க பாக்கோணும்” என்றார். அவர் பக்கத்தில் நியாயம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

பெண் வீட்டார் பந்தலில் வந்து இறங்கிவிட்டார்கள். அண்ணனின் மனைவி சமையல்கட்டு வாசலில் வந்து நின்று, கணவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அண்ணனுக்கு வேர்த்துவிட்டது. என்னை ஓரமாக இழுத்துப் போனார். “சாமி, இன்னிக்கி இந்த அடுப்பு எரியலீன்னா நம்ம கடையும் இன்னியோட மூடியாச்சு. நான் லாரிக்கு, நீ உங்க மாமங்கடைக்கு” என்றார். அந்த மண்டபத்தில் மல்லிகையும் சந்தனமும் மணந்துகொண்டிருந்தன. எனக்கு வார்னிஷ் வாசனைதான் அடித்தது. அழுகையே வந்துவிடும்போல இருந்தது.

அப்போது அண்ணன் மூலையில் கிடந்த காலி எண்ணெய் டின்னையே உற்றுப் பார்த்தார். சின்ன வயதில் சைக்கிள் சக்கரத்தில் சிகரெட் அட்டையைச் செருகி ‘டப டப’ என்று மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள்தானே நாமெல்லாம்? டின்னை வெட்டி விரல் நீளத்துக்கு நாலு தகடு எடுத்தார். இறக்கையில் படாமல் வெளிவலையில் கம்பியால் கட்டித் தொங்கவிட்டார். சுவிட்சைப் போட்டதும் நாலு தகடும் வலையில் மோதிப் படபடவென்று அடித்துக்கொண்டன. சமையல்கட்டே அதிர்ந்தது. அதே ஃபேன், அதே காற்று. சொல்லப்போனால் தகடு மறைத்ததில் துளி குறைந்த காற்று. பழனியப்பன் எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டார், அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லித் தன் ஆட்களுக்குக் கையசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “இப்பப் பாருங்க, எப்படிக் குளுகுளுன்னு வருது!”

பால்கனிக்கு வேற

முகூர்த்தம் முடியும்வரை மைக் நிற்கவில்லை. பந்தியில் புகை இல்லை. நல்லாருக்குது என்று சொன்னவர்கள் நாலு பேர் அல்ல, நாலு பந்தி. அண்ணன் லாரிப் பேச்சை எடுக்கவே இல்லை. மறுவாரமே ஷெட்டில் எண்ணெய் டின்களை வாங்கி அடுக்கிவிட்டார். தகட்டில் ஓட்டை போட்டு, ஓரம் மழுக்கி, வேலையோடு இலவசமாக மாட்டிக் கொடுத்தோம். சேகோ ஆலை முத்துசாமிக்குச் சன்னலிலேயே மாட்டினோம். தகடு உள்பக்கமாக ஆடுவதைப் பார்த்து, காற்று ஓடிப்போகவில்லை, புதிதாக வந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்ததும், சாக்குகளை அவரே பிடுங்கி எறிந்தார். பாலிடெக்னிக்கில் எனக்கு இதையெல்லாம் யாரும் சொல்லித்தரவில்லை.

தியேட்டர் கோவிந்தராஜும் பழைய மோட்டார் பேச்சை மறந்துவிட்டு, தகடு கேட்டு ஷெட்டுக்கே வந்தார். மாட்டி முடித்தோம். கரண்டு போகும்வரை காத்திருந்து, ஜெனரேட்டரில் ஓட்டிப் பார்த்தோம். படம் பளிச். தகடு படபட. ஜனங்கள் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். அந்தத் துண்டுப் பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டி, இப்போதாவது ஒழுங்காக வேலை செய்தாயே என்று ஆசீர்வதித்தார். கோவிந்தராஜ் மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு, மாடியையும் கீழேயும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். இன்னும் என்ன குறை என்று கேட்டேன். “தரை டிக்கெட்டுக்கும் பால்கனிக்கும் ஒரே சத்தமா இருந்தா நல்லாவா சார் இருக்கு? மேல ஒரு ரெண்டு தகடு சேத்துப் போடுங்க.”

மாமாவின் கடையில்

எண்பதுகள் பிறந்து, எனக்குக் கல்யாணமும் ஆன பிறகு, மாமா ஒருநாள் ஆள் அனுப்பினார். பழைய அழைப்புதான் என்று நினைத்து, பதிலைத் தயார் செய்துகொண்டே போனேன். கடைக்குள் வார்னிஷ் வாசனை மூக்கைத் துளைத்தது. பின்சுவரில் ஒரு பழைய எக்சாஸ்ட் ஃபேன் அரவை மில் மாதிரி அலறிக்கொண்டிருந்தது. எத்தனை வருஷமாக அங்கே இருக்கிறதோ. நான் அந்தக் கடைக்குள் காலே வைக்காததால் பார்த்ததில்லை.

நான் நிற்கும்போதே ஒருவர் வந்தார். அவருடைய அம்மா தவறிவிட்டார்களாம். மாமா அளவு கேட்டார். அவர் மெல்லச் சொன்னார், ஃபேன் சத்தத்தில் மாமாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி கேட்டார். அவர் மறுபடி சொன்னார். கேட்கவில்லை. கடைசியில் அந்த மனுஷர் தெருவுக்கே கேட்கிற மாதிரி, “அஞ்சடி! எங்கம்மா அஞ்சடிதாங்க!” என்று கத்தினார். கத்திவிட்டு, அப்படியே பலகைமேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். மாமா ஓடிப்போய் ஃபேனை நிறுத்தினார். ஃபேன் நின்றதும் வார்னிஷ் நெடி கண்ணைக் கரித்தது. யார் எதற்குக் கண்ணைத் துடைக்கிறோம் என்று தெரியாமல் மூன்று பேரும் துடைத்துக்கொண்டிருந்தோம். அவர் போன பிறகு மாமா என் முகத்தைப் பார்க்காமல், “தெனமும் இதேதான்டா. போட்டா காது கேக்கல, நிறுத்துனா மூச்சு முட்டுது. உன் வித்தையில ஏதாவது இருக்கா?” என்றார். கடைக்கு வா என்று அவர் சொல்லவில்லை. அது எனக்கு என்னவோபோல் இருந்தது.

மறுநாளே அலுமினிய இறக்கை மாட்டினோம். முன்பக்கம் கதவுக்கு மேலே காற்று வர வழி விட்டோம். சுவிட்சைப் போட்டேன். நெடி சத்தமில்லாமல் வெளியே போனது. தெருவில் சைக்கிள் மணி அடிப்பதுகூடக் கேட்டது. பழக்கதோஷத்தில் பையிலிருந்து தகடுகளை எடுத்துக் கம்பியில் கோத்தேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். “தகடெல்லாம் வேணாம்டா. வர்றவங்க மெல்லச் சொன்னாலும் எனக்குக் கேக்கணும். உள்ள படுக்கறவங்களும் காத்து பத்தலைன்னு இன்னைய வரைக்கும் ஒருத்தர் சொன்னதில்ல!”

ஆக, என் வேலையைத் தகடு கேட்காமல் அப்படியே ஏற்றுக்கொண்ட ஒரே இடம், எந்த இடத்துக்குப் போய்விடக் கூடாது என்று அத்தனை தகடு அடித்தேனோ, அந்த இடம்தான்.